பெட்டி நிறைய வாட்ச் டூல், வேலைக்கு ஆவது கொஞ்சம்தான்

ஆன்லைனில் வாட்ச் ரிப்பேர் கிட் என்று தேடினால் எந்தப் பெயரில் போட்டிருந்தாலும் கடைசியில் வந்து சேர்வது ஒரே பெட்டிதான். கறுப்பு ஜிப் பை, குட்டிச் சுத்தியல், பின்மூடியைத் திருகித் திறக்கும் மூன்று கால் சாவி, கத்தி மாதிரி ஒன்று, ஸ்ட்ராப் கழற்றும் குச்சி, ஐந்தாறு ஸ்க்ரூ டிரைவர், ட்வீசர், அப்புறம் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டவே ஒரு டப்பா ஸ்பிரிங் பார், அதாவது ஸ்ட்ராப்பை வாட்சோடு பிடித்திருக்கும் குட்டிக் கம்பி. நூற்றுச் சொச்சம் உருப்படி என்று அட்டையில் பெருமையாக இருக்கும், அதில் முக்கால்வாசி இந்த ஸ்பிரிங் பார்தான். பேட்டரி மாற்றுவதில் ஆரம்பித்து டயல், முள், கண்ணாடி எல்லாம் மாற்றி மாடிஃபை செய்வது வரைக்கும் இதை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டேன். வாட்சுக்கு வெளியே செய்கிற வேலைக்கு இது தாராளமாகப் போதும். மூடியைத் திறந்து உள்ளே கை வைத்தால், இதில் பாதி சாமான் நம்மைத் தப்பு செய்ய வைக்கும்.

வீட்டில் வாட்ச் நோண்டுகிறவர் எல்லோரும் எதையாவது கெடுத்துத்தான் கற்றுக்கொள்கிறோம், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் கெட்டது கையாலா, கருவியாலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் அடுத்த தடவையும் அதேதான் நடக்கும். இந்தப் பெட்டியோடு எனக்கு இருக்கிற சண்டை அதுதான். கருவியின் கோளாறை நம் கை நடுக்கம் என்று நம்ப வைத்துவிடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராப் கழற்றும் குச்சி உருப்படியாக இருக்கிறது, கவை போன்ற நுனி கொஞ்சம் தடிமன் என்றாலும் வேலை நடக்கும். செயின் கண்ணியைக் குறைக்கிற பிளாஸ்டிக் தாங்கியும் பரவாயில்லை. செயினின் உள்பக்கம் சின்ன அம்புக்குறி இருக்கும், பின்னை அந்தத் திசையில்தான் தள்ள வேண்டும், திரும்பப் போடும்போது எதிர்த் திசையில். இதைக் கவனிக்காமல் எதிர்ப்பக்கம் தட்டித்தான் கருவியில் உள்ள ஊசி வளைகிறது, அப்புறம் கருவி மட்டம் என்று திட்டுகிறோம். இந்த ஒன்று கையின் தப்பு.

பேட்டரி மாற்றவும் பெட்டி போதும், ஆனால் எஃகு ட்வீசரால் பேட்டரியின் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்காதீர்கள், ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் ட்வீசர் தனியாக வாங்குவது நல்லது. பேட்டரியின் எண்ணையும் முழுசாகப் படியுங்கள். எஸ்.ஆர் 626 எஸ்.டபிள்யூ என்று இருந்தால் அது சில்வர் ஆக்சைடு, 377 என்றும் போட்டிருப்பார்கள், 1.55 வோல்ட்டை ஏறக்குறைய கடைசி வரை அப்படியே தரும். அதே அளவில் எல்.ஆர் 626 என்று கிடைப்பது ஆல்கலைன், போகப் போக வோல்ட்டேஜ் இறங்கிக்கொண்டே வரும். அளவு சரியாக உட்கார்கிறதே என்று போட்டுவிட்டு, சீக்கிரமே நின்றுபோனதும் மூவ்மென்ட்டை, அதாவது உள்ளே ஓடும் மெஷினை, சந்தேகப்படுவோம்.

பின்மூடி திறக்கும் கத்தி சுமார் ரகம். முனை தடிமன், அழுத்தி மூடுகிற வகை மூடியின் இடுக்கில் நுழையாது, நுழையாததால் நாம் வேகமாக அழுத்துவோம், வழுக்கி, வாட்சின் வெளிக்கூடான கேஸில் கோடு போடும். மூடியின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் எங்கேயாவது இருக்கும், கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடியான லூப் வைத்து அதைக் கண்டுபிடித்து, சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு, அங்கே மட்டும் நெம்புங்கள். திருகும் மூடிக்கு மூன்று கால் சாவியைவிட ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் பந்து எவ்வளவோ மேல், ரொம்ப இறுகியிருந்தால் மட்டும் சாவி.

கொஞ்சம் பெரிய பெட்டிகளில் மூடி அழுத்தும் பிரஸ் ஒன்றும் வரும். அதோடு வரும் பிளாஸ்டிக் வட்டுகளில் சரியான அளவைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூடியை அழுத்தும்போது முன்பக்க வட்டு கண்ணாடியைத் தொடவே கூடாது, சுற்றியுள்ள கேஸ் விளிம்பில் உட்கார வேண்டும். சின்ன வட்டைக் கண்ணாடி நடுவில் வைத்து நெம்புகோலை இறக்கினால் டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்க்ரூ டிரைவர். பார்க்க லட்சணமாகவே இருக்கும், சுழலும் தொப்பி, கலர் வளையம் எல்லாம் உண்டு. நுனியை லூப்பில் பாருங்கள். விளிம்பு நேராக இருக்காது, லேசாக உருண்டிருக்கும், சிலதில் ஒரு மூலை மடங்கியே வரும். திருகின் பள்ளத்தில் நுனி முழுசாக இறங்கி உட்கார வேண்டும், அகலமும் பள்ளத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். உருண்ட நுனி பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறி வழுக்கும். க்வார்ட்ஸ் வாட்ச் என்றால் வழுக்கிப் போய் நிற்பது காயில் என்கிற கம்பிச் சுருளின் மேல்தான், அதில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, அறுந்தால் அந்த மூவ்மென்ட்டின் கதை முடிந்தது. நுனியை எண்ணெய்க்கல்லில் தேய்த்து நேராக்கலாம், தேய்த்தால் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் இரும்பு மெத்து, நாலு திருகு கழற்றுவதற்குள் பழைய குணம் வந்துவிடும். 0.80, 1.00, 1.20 மில்லிமீட்டர் இந்த மூன்றை மட்டும் நல்லதாகத் தனியே வாங்குங்கள். பெர்ஜோன் மாதிரி சுவிஸ் கருவிகளில் இவை முறையே மஞ்சள், கறுப்பு, சிவப்பு. வீட்டு வேலையில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

ட்வீசர் அதைவிட மோசம். வாங்கியதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாக மூடிப் பாருங்கள். இரண்டு நுனியும் முகத்தோடு முகம் பொருந்த வேண்டும், இதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் நுனி பிரிந்துவிடும். அழுத்த அழுத்தப் பிடி விடுகிற ட்வீசரால் ஒரு திருகைத் தூக்கினால் என்ன ஆகும்? எலுமிச்சை விதை மாதிரி நழுவித் தெறித்து ஓடும். தெறித்ததும் இன்னும் கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், அது நேர் எதிரான பாடம். நல்ல ட்வீசரில் பொருள் விழாத அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும், டுமோன்ட் கம்பெனியின் மூன்றாம் எண் ட்வீசர் ஒன்று கையில் எடுத்தால் அந்த வித்தியாசம் உடனே தெரியும். முள்ளைத் தொடுவதற்கு மட்டும் பித்தளை ட்வீசர், எஃகு கீறும்.

இனி முள். மாடிஃபை செய்ய ஆசைப்படுகிற எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் இதுதான், நானும் என் பங்குக்கு ஒரு நொடி முள்ளைப் பலி கொடுத்திருக்கிறேன். பெட்டியோடு வரும் முள் எடுக்கும் கருவி சுமாராக வேலை செய்யும், டயல் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்துவிட்டு எடுத்தால் டயலும் தப்பிக்கும். முள்ளைத் திரும்ப அழுத்திப் பொருத்தும் கருவியில்தான் வினை. சீகோவின் என்.ஹெச் 35 மூவ்மென்ட்டில் மணி முள்ளின் துளை 1.50 மில்லிமீட்டர், நிமிட முள் 0.90, நொடி முள் வெறும் 0.20. பெட்டியில் உள்ள அழுத்தியின் முகம் சமதளமாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், முதல் இரண்டு முள்ளும் பொறுத்துக்கொள்ளும், நொடி முள் பொறுக்காது. அதன் அடியில் இருக்கும் குழாய் ஒரு ஓரமாகச் சாய்ந்து நசுங்கும், அப்புறம் எத்தனை முறை வைத்தாலும் உட்காராது. சரியாக உட்காரும்போது விரலில் ஒரு மெல்லிய இறக்கம் தெரியும், தெரியவில்லை என்றால் அழுத்தாதீர்கள், எடுத்துவிட்டு நேராக வைத்து மறுபடி முயலுங்கள்.

வரிசையும் முக்கியம். வாட்சின் பக்கத்தில் இருக்கும் திருகான கிரௌனைச் சுற்றிக்கொண்டே வந்து தேதி சட்டென்று மாறுகிற இடத்தில் நிறுத்தி, அங்கே மணி முள்ளையும் நிமிட முள்ளையும் பன்னிரண்டில் வையுங்கள். பிறகு நொடி முள்ளையும் வைத்து, முழுசாக ஒரு சுற்று ஓட்டி, வாட்சைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள், மூன்று முள்ளுக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். இதைப் பார்க்காமல் மூடிவிட்டால் சரியாக ஒரு முள் இன்னொன்றைக் கடக்கும் நேரத்தில் வாட்ச் நிற்கும், நாம் மூவ்மென்ட்டைக் குறை சொல்வோம்.

கிரௌனிலிருந்து மூவ்மென்ட்டுக்குள் போகும் தண்டான ஸ்டெம்மைக் கழற்றும்போது பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சின்ன டிரைவர் ஒன்று போதும். கிரௌன் நேரம் வைக்கிற நிலைக்கு இழுத்திருக்கும்போது, ஸ்டெம்மை விடுவிக்கும் லீவரை அழுத்தாமல் இருந்தால் சரி. அந்த நிலையில் பலமாக அழுத்தி ஸ்டெம்மை உருவினால், டயலுக்கு அடியில் சாவி கொடுக்கும் சின்னச் சின்னப் பாகங்கள் இடம் மாறிவிடும், திரும்ப ஸ்டெம் போட்டால் சாவியும் ஏறாது, முள்ளும் நகராது. சரிசெய்ய முள், டயல் எல்லாம் மறுபடி கழற்ற வேண்டும். கிரௌன் உள்ளே தள்ளியிருக்கட்டும், லீவரை மெதுவாக அழுத்துங்கள், பலம் தேவையே இல்லை.

பழகுவதற்கு எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால் நான் இந்த என்.ஹெச் 35ஐத்தான் சொல்வேன். மணிக்கு 21,600 துடிப்பு, அச்சுகள் தேயாமல் தாங்கும் கற்கள் 24, முழுச் சாவிக்கு 41 மணி நேரம் ஓடும். நாளுக்கு 20 நொடி பின்னாலும் 40 நொடி முன்னாலும் போகலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பதால் முதல் முறை கை வைப்பவருக்கு அது ஒரு நிம்மதி. டயல், முள், கேஸ் எல்லாம் இதற்கென்றே கொட்டிக் கிடக்கின்றன. 1996இல் வந்த சீகோ எஸ்.கே.எக்ஸ் 007 என்ற டைவிங் வாட்சை வைத்து வளர்ந்த மாடிஃபை கூட்டத்தின் புண்ணியம் அது. மூவ்மென்ட்டையே பிரித்துக் கோர்க்க ஆசை என்றால் 6497 வகை, பாக்கெட் வாட்சுக்காகச் செய்த பெரிய மெஷின், 36.6 மில்லிமீட்டர் அகலம், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கும். பிரிக்கும் முன் மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, அது அவிழாமல் தடுக்கும் கொக்கியான கிளிக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மெல்ல விட்டுவிடுங்கள், முழுச் சாவியோடு, சக்கரங்களை விட்டு விட்டு நகரவிடும் கவையான பாலட் ஃபோர்க்கைத் தூக்கினால் சக்கரங்கள் விர்ரென்று சுழன்று பல்லோ அச்சோ போய்விடும்.

சில பெட்டிகளில் ஒரு சின்ன எண்ணெய்ப் பாட்டில் வரும். அதைத் திறக்கவே திறக்காதீர்கள். கண்ட இடத்தில் எண்ணெய் விட்டு அது வாட்சின் துடிப்பைத் தீர்மானிக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்குக்குப் பரவினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் தலைதெறிக்க ஓடும். காந்தம் ஏறினாலும் இதே கூத்து, நாளுக்குப் பல நிமிடம் முன்னால் போகும், அதனால் முதலில் காந்த நீக்கியில் காட்டிப் பாருங்கள். நீல நிறப் பெட்டியாகக் கிடைக்கிறதே அதுவே போதும், பட்டனை அழுத்தியபடியே வாட்சை மெல்ல விலக்கிக் கை நீட்டும் தூரம் போன பிறகுதான் விட வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே பட்டனை விட்டால் இருந்த காந்தம் இன்னும் கூடும். சுத்தம் செய்கிறேன் என்று பாலட் ஃபோர்க்கை ஆல்கஹாலில் ஊறவைப்பதும் வேண்டாம். அதில் கற்களைப் பிடித்திருப்பது அரக்கு, ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

மதிப்பெண் கேட்டால் வெளி வேலைக்கு ஐந்துக்கு நாலு, உள் வேலைக்கு ஒன்றரை. சின்னப் பெட்டியாக எடுத்துக்கொண்டு மிச்சக் காசை மூன்று டிரைவர், ஒரு ட்வீசர், சமதளமான முள் அழுத்தி, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்று போடுங்கள். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டுக்குக் கொஞ்சம் சிலிகான் கிரீஸும் வேண்டும். வீட்டில் திறந்து மூடிய வாட்சை, மூடியில் 200 மீட்டர் என்று எழுதியிருந்தாலும், பிரஷர் டெஸ்ட் செய்யாமல் தண்ணீரில் இறக்காதீர்கள்.

இன்னொன்று. பெட்டி கைக்கு வந்ததும் வீட்டில் கிடக்கும் தாத்தா காலத்து வாட்சைத்தான் முதலில் திறக்கத் தோன்றும். 1960களிலோ அதற்கு முன்போ வந்த வாட்சில் முள்ளிலும் எண்களிலும் பழுப்பேறிய ஒளிரும் பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். இப்போது இருட்டில் ஒளிராததை வைத்து ஆபத்து போய்விட்டது என்று எண்ண வேண்டாம், செத்துப்போனது அதோடு கலந்த துத்தநாக சல்ஃபைடுதான், ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 வருஷம். அந்தப் பூச்சு உதிர்ந்து தூளாக மூச்சில் போவதுதான் பயம், அதனால் சுரண்டுவது, ஊதிவிடுவது எதுவும் கூடாது. கண்ணாடியைக் கழற்றாமல், இதில் பழக்கமுள்ள ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.