மனு அடிக்கும் மேசைக்கு எது சரி: வேர்டா, லிப்ரே ஒபிஸா, கூகுள் டொக்ஸா?

களுவாஞ்சிகுடியில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். காணி மனு, அஸ்வெசும என்ற அரச உதவிப் பணத்துக்கான மேன்முறையீடு, நட்டஈட்டுக் கடிதம் என்று நாள் முழுக்க வேலை இருக்கும். மழை முடிந்த கையோடு, மண்டூர்த் துறையில் பாதை (ஆற்றைக் கடக்கும் மிதவை) ஏறி ஓர் அம்மா வந்தார். யானை அவருடைய வீட்டுச் சுவரை இடித்துப்போட்டிருந்தது. "நான் சொல்ற மாதிரியே எழுது மனே" என்றார். தமிழில் அடித்து முடித்து, ஆங்கிலப் பிரதியையும் அடித்தேன். இடம் விடுவதற்காக டேப் விசையைத் தட்டியபோது, மென்பொருள் மங்கலாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு வரி உள்ளே ஏறிவிட்டது. 'உடனடி நடவடிக்கைக்கு நன்றி' என்பது அதன் பொருள். ஒருவரும் வந்து எட்டிப்பார்க்காத வீடு அது! அச்செடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நானும் கவனிக்காமல் விட்டிருந்தால் அப்படியே கையொப்பம் வைத்திருப்பார்.

அன்றிலிருந்து நான் மென்பொருளிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் அது கேட்க வேண்டும்.

முதலில் வேர்ட். அட்டவணை, படிவம், பக்க அமைப்பு என்று வந்தால் இதை மிஞ்ச ஆளில்லை. அலுவலகங்களிலிருந்து வரும் கோப்புகளும் பெரும்பாலும் வேர்டில்தான் இருக்கும். அதற்குள் வரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரான கோபைலட்டை நிறுத்தவும் வழி இருக்கிறது. கோப்பு, விருப்பங்கள், கோபைலட் என்று போய் அங்குள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடலாம். ஆனால் வேர்டில் எடுத்தால் எக்செலில் போகாது, அடுத்த கணினியிலும் போகாது. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். விலையும் இருக்கிறது. 2025 ஜனவரியில் வேர்டின் சொந்தக்காரரான மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் தனிநபர் சந்தாவுக்குள் கோபைலட்டைச் சேர்த்து, அமெரிக்காவில் மாதம் 6.99 டொலராக இருந்ததை 9.99 ஆக்கினார்கள். கோபைலட் இல்லாத 'கிளாசிக்' சந்தா பழைய விலையிலேயே இருந்தது. அவுஸ்திரேலியாவில் சுமார் 27 இலட்சம் பேருக்கு அதை மறைத்துவிட்டார்கள், சந்தாவை இரத்துச் செய்யப் போனால்தான் அது கண்ணில் படும் என்று குற்றஞ்சாட்டி, அந்நாட்டு நுகர்வோர் ஆணைக்குழு 2025 ஒக்டோபரில் வழக்குப் போட்டது. கேட்காத பொருளைக் கூடைக்குள் வைத்துவிட்டுக் காசும் கேட்டால் நம் சந்தையில் யாராவது பேசாமல் இருப்பார்களா?

லிப்ரே ஒபிஸ் 2010 இல் ஓப்பன் ஒபிஸிலிருந்து பிரிந்து வந்தது. இலவசம். செயற்கை நுண்ணறிவு எதுவும் உள்ளே வைத்து வருவதில்லை, வேண்டுமென்றால் நாமே நீட்சி (கூடுதல் வசதி) தேடிப் போட வேண்டும். இதுதான் முறை என்பது என் எண்ணம். குறையும் உண்டு. வேர்டில் செய்த படிவத்தைத் திறந்தால் சில நேரம் கட்டங்கள் நகர்ந்துவிடும், கையொப்பக் கோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

எங்கள் கடையில் பாதி வேலை இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் நடக்கிறது. பாமினியில் அடித்தது நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கோ வெறும் ஆங்கில எழுத்துகள். அதனால் வரியின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் தானியங்கித் திருத்தம் வேலை செய்தால் 'கடிதம்' 'குடிதம்' ஆகிவிடும். இந்தத் தொல்லை வேர்ட், லிப்ரே ஒபிஸ் இரண்டிலும் உண்டு. நிறுத்தினால் நின்றுவிடும், அதனால் கோபமில்லை. ஆனால் பாமினியில் உள்ள மனுவை "அழகாக்கித் தரவா" என்று கேட்கும் கருவிக்கு அதில் ஒரு சொல்கூடத் தமிழாகத் தெரியாது. அது எதை அழகாக்கும்?

கூகுள் டொக்ஸில் நம் எழுத்துருவை ஏற்ற முடியாது, ஆகவே பாமினி அங்கே போகாது. கணினியும் தமிழாகவே அறியும் யுனிகோடில் நாலு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு அறிக்கை எழுத நல்லது. ஆனால் அதே கூகுளின் ஜிமெயிலில் 'ஸ்மார்ட்' வசதிகளை அணைத்தால், விளம்பர மடல்களைப் பிரித்து வைக்கும் பழைய வசதியும் கூடவே போய்விடுகிறது. வேண்டாததை விடுவதற்கு வேண்டியதையும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, நான் செய்திருப்பது இதுதான். ஒரு கணினியில் கோபைலட்டை அணைத்த வேர்ட், படிவங்களுக்கு மட்டும். மனுவும் கடிதமும் லிப்ரே ஒபிஸில்.

அந்த அம்மாவின் கடிதத்தையும் அதிலேயே மறுபடி அடித்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. தமிழில் முழுதும் வாசித்துக் காட்டினேன். யானை வந்தது வியாழன் இரவு, வெள்ளி இல்லை என்று ஓரிடத்தில் திருத்தச் சொன்னார்.