தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் வயிற்றுவலி என்றால், ஸ்கேனுக்கு முன்னால் கண் இமையைப் பாருங்கள்

டெல்டாப் பக்கத்து ஊர்க்காரர்கள், பாய் விரித்துத் தரையில் படுக்கிற பழக்கம் உள்ள எல்லா வீட்டுக்காரர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடித்ததே தெரியாமல் கடித்துவிட்டுப் போகிற கட்டுவிரியன் பாம்பைப் பற்றியது, நீளமாகத்தான் இருக்கும். என் அக்கா மகனுக்கு நடந்தது, இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். எந்த நோயும் கிடையாது. குறுவை அறுத்து நெல் மூட்டைகளைக் கூடத்திலேயே அடுக்கியிருந்தார்கள், வீட்டுக்கு உறவுக்காரர்கள் வேறு வந்திருந்ததால் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவன் பாயில் படுத்திருக்கிறான். விடியற்காலை மூன்று மணி வாக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு எழுந்தவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். சாதாரண வலி இல்லை, சுவரில் தலையை முட்டிக்கொள்கிற அளவுக்கு வலி. அக்கா பதறிப்போய்ப் பக்கத்து டவுனில் இருக்கிற ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பெயரை இங்கே போடவில்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அங்கே டியூட்டி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வயிறு மெத்தென்றுதான் இருந்தது, எந்த இடத்தில் அமுக்கினாலும் கூடுதலாக வலிக்கவில்லை, ஆனால் பையன் மட்டும் கத்துகிறான். இந்த இடத்தில்தான் ஒரு டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் "கேஸ்ட்ரிக்தான், நைட் என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டுவிட்டு டிரிப்ஸ் ஏற்றி, கேஸுக்கு ஒரு ஊசி, வலிக்கு ஒரு ஊசி போட்டார். வலி கொஞ்சமும் குறையவில்லை என்றதும் ஸ்கேன். ஸ்கேன் முடிந்ததும் "அப்பெண்டிக்ஸ் ஆரம்ப ஸ்டேஜ் மாதிரி தெரியுது, சர்ஜன் ஒன்பது மணிக்கு வருவார், அட்வான்ஸ் கட்டிடுங்க" என்றார்கள். அந்த ஸ்கேன் ரிப்போர்ட் இப்போதும் என் கையில் இருக்கிறது. ஈரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம் எல்லாம் இயல்பு என்று வரிசையாகப் போட்டு, அப்பெண்டிக்ஸுக்கு நேராகப் 'பார்வைக்குப் புலப்படவில்லை' என்று இருக்கிறது. பார்வைக்கே தெரியாத குடல்வாலுக்கு ஆபரேஷன் அட்வான்ஸ் 25,000 ரூபாய். அதற்கும் முன்னால், தேவைப்பட்டால் பார்த்துவிடலாம் என்று எண்டோஸ்கோப்பிக்கு வேறு தனியாகப் பணம் கட்ட வைத்திருந்தார்கள்.

மாமா, அதாவது பையனின் அப்பா, கிராமத்து ஆள், அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். "பூச்சி கீச்சி ஏதாவது கடிச்சிருக்குமா சார்?" நம் ஊரில் ராத்திரி நேரத்தில் பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டார்கள் அல்லவா. டாக்டருக்கும் புரிந்திருக்கிறது. "கடிச்சிருந்தா வீங்கியிருக்கும்ல, பல்லுத் தடம் இருக்கும்ல" என்றாராம். மாமா விடாமல் கேட்டதால் ரத்தம் உறைகிற டெஸ்ட் ஒன்று எடுத்து, "பாருங்க, ரத்தம் நல்லா உறையுது, பாம்பு இல்லவே இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

இந்த ஒரு பதில்தான் எங்கள் பிள்ளையைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. கடித்தது கட்டுவிரியன். சில ஊர்களில் கண்டங்கருவளை என்பார்கள். பளபளப்பான கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள் இருக்கும். ராத்திரியில்தான் நடமாடும். நெல் மூட்டையைத் தேடி எலி வரும், எலியைத் தேடி மற்ற பாம்புகள் வரும், இவற்றைத் தின்ன இதுவும் வீட்டுக்குள்ளேயே வரும், தரையில் படுத்திருப்பவர்கள் புரண்டு படுக்கும்போது கடிக்கும். பல் மிகச் சின்னது, கடித்தது பெரும்பாலும் வலிக்காது, தூங்குகிறவர் விழிக்கக்கூட மாட்டார். வீக்கம் இருக்காது, தடம் இருந்தாலும் கொசுக்கடி போலத் தெரியும், பல பேருக்கு அதுவும் தெரியாது. பல பேருக்கு முதல் அறிகுறியாக வருவது வயிற்றுவலியும் வாந்தியும்தான். ரத்தம் உறைகிற டெஸ்ட் கண்ணாடிவிரியனையும் சுருட்டைவிரியனையும் கண்டுபிடிக்க உதவும், ஏனென்றால் அவற்றின் விஷம் ரத்தத்தைத் தாக்கும். கட்டுவிரியன் விஷம் தாக்குவது நரம்பை. அந்த டெஸ்ட் நார்மலாகத்தான் வரும், அதை வைத்துப் பாம்பு இல்லை என்று சொல்லவே கூடாது. எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு, அதுவும் இந்தச் சீமையில் நர்சிங் ஹோம் நடத்துகிறவருக்கு, இது தெரியாமல் இருக்கலாமா?

நான் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. பையன் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு கையில் போன், இன்னொரு கையின் ஆள்காட்டி விரலால் வலது கண் இமையைத் தூக்கிப் பிடித்திருந்தான். "என்னடா பண்றே?" என்றேன். "கண்ணு தானா மூடிக்குது மாமா, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றான். குரல் மூக்கால் பேசுவது போல இருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டிருந்தான். ஓடிப்போய் நர்சிடம் சொன்னால், "வலி ஊசி போட்டிருக்குல்ல சார், தூக்கக் கலக்கம்" என்கிறார். டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றால் ரவுண்ட்ஸில் இருக்கிறார் என்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பையன் இப்படித் தெளிவாகப் பதில் சொல்வானா? அறிவு முழுசாக இருக்கிறது, தசைதான் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்ததும்தான் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள்? "இங்க வென்டிலேட்டர் இல்ல, உடனே பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்கள். சரி, போகிறோம் என்றால் பில் கவுண்டரில் பாக்கியைக் கட்டினால்தான் விடுவோம் என்று நிறுத்தினார்கள். 18,400 ரூபாய். ரெஃபரல் கடிதம் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் வயிற்றுவலி என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், என்ன ஊசி போட்டார்கள் என்ற விவரம்கூட அதில் இல்லை. வாடகைக் காரில் அனுப்பப் பார்த்தார்கள். நான் பிடிவாதமாக 108-க்குப் போன் போட்டேன். ஆம்புலன்ஸில் வந்த தம்பி பையனை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, வழியெல்லாம் எச்சிலை உறிஞ்சி எடுத்துக்கொண்டே வந்தார். அவர் இல்லையென்றால் பையன் வழியிலேயே போயிருப்பான்.

அரசு மருத்துவமனையில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, கேஸ் சீட்டைக்கூடப் பார்க்கவில்லை, இமையைப் பார்த்தார், "நேத்து ராத்திரி எங்கம்மா படுத்திருந்தான்?" என்று அக்காவிடம் கேட்டார். தரையில் என்றதும் அடுத்த நிமிடமே வேலை ஆரம்பமாகிவிட்டது. தலையைத் தலையணையிலிருந்து தூக்கச் சொன்னார், முடியவில்லை. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னார், நாமெல்லாம் சாதாரணமாக 30 வரை எண்ணிவிடுவோம், அவனுக்கு ஏழோடு மூச்சு நின்றது. தடம் தேடிக்கொண்டு அவர் நிற்கவில்லை. இன்றுவரை அவன் உடம்பில் எங்கே கடித்தது என்று யாருக்கும் தெரியாது. விஷமுறிவு மருந்து பத்து பாட்டில் ஏற்றினார்கள், குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். ஒரு ரூபாய் கேட்கவில்லை.

அந்த டாக்டரம்மா அப்புறம் விளக்கினார். இந்த விஷம் நரம்பு முடிகிற இடத்துக்குள் புகுந்து அந்த நுனியையே சேதப்படுத்திவிடும். மருந்து ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைத்தான் பிடிக்கும், ஏற்கெனவே சேதமான நரம்பு நுனியைச் சரிசெய்யாது. அது தானாக வளர்ந்து வருகிற வரைக்கும் மெஷின்தான் மூச்சு விட வேண்டும். அதனால்தான் சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே கேஸ்ட்ரிக் என்று டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் விஷம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வென்டிலேட்டரில் இருப்பவர்களின் வீட்டாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பையன் கண் திறக்கவில்லை, கை கால் அசையவில்லை, டார்ச் அடித்தால் கண் பாப்பாவும் சுருங்கவில்லை. பார்க்கிறவர்கள் மூளைச்சாவு என்றே நினைப்பார்கள், ஊரிலிருந்து வந்த ஒருவர் கட்டில் பக்கத்திலேயே நின்று அப்படிச் சொன்னார். டாக்டரம்மா எங்களிடம், "அவனுக்கு எல்லாம் கேக்கும், பேசிக்கிட்டே இருங்க" என்றார். அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். முதலில் அசைந்தது இடது கால் பெருவிரல். குழாயை எடுத்த பிறகு அவன் சொன்னான், அந்த ஊர்க்காரர் பேசியது அத்தனையும் கேட்டதாம், பயத்தில் அழ வேண்டும் போல இருந்ததாம், அழவும் முடியவில்லையாம்.

இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் இப்படி எத்தனை பேருக்கு வாய்க்கிறது? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது, வருடத்துக்குச் சராசரி 58,000 பேர். கேஸ்ட்ரிக் என்றும் மாரடைப்பு என்றும் எழுதிப் புதைத்த கட்டுவிரியன் கடிகள் எத்தனையோ. விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷம் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கிற, 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் பெரும்பகுதி போகிறது. மருந்துக்கு விஷம் கொடுக்கிற மண்ணில், அந்த மருந்து கிடைக்காமல் பிள்ளைகள் சாவதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

ஆகவே கேளுங்கள். முதல் நாள் தரையிலோ திண்ணையிலோ களத்திலோ படுத்தவர், ராத்திரியில் அல்லது விடிவதற்குள் காரணமில்லாத வயிற்றுவலியோடு எழுந்தால், தடம் இருக்கோ இல்லையோ, கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே பார்க்கச் சொல்லி இமை இறங்குகிறதா என்று பாருங்கள். ஆரம்பத்தில் இமை நன்றாக இருக்கும், பிறகுதான் இறங்கும், அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். ஓமத் தண்ணி, சோடா, கஷாயம் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், விழுங்கும் சக்தி போயிருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து வைத்திருக்கிறார்கள், அங்கே முதல் டோஸ் ஏற்றிக்கொண்டு வென்டிலேட்டர் உள்ள இடத்துக்குப் போகலாம். மழைக்காலத்தில் தரையில்தான் படுக்க வேண்டும் என்றால் கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள்.

பாம்பு இல்லாவிட்டாலும், வயிறு மெத்தென்று இருந்து வலி மட்டும் உயிர் போகிறது என்றால் கேஸ்ட்ரிக் ஊசியோடு திரும்பி வராதீர்கள். வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள் என்றால் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள், மாரடைப்பு மேல் வயிற்றுவலியாக வரும். சர்க்கரை ஏகத்துக்கும் ஏறினாலும் வயிற்றுவலி, வாந்தி வரும், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும் பார்க்க. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறவர்களுக்குக் குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளலாம், அது சாதா ஸ்கேனில் தெரியாமல் போகும், ரத்தக்குழாய்க்கான சி.டி. எடுக்க வேண்டும். வயசுப் பையன்கள் வெட்கப்பட்டு வயிற்றுவலி என்று மட்டும் சொல்வார்கள், விதைப்பை முறுக்கிக்கொண்டிருக்கும், ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் விதையையே எடுக்கும்படி ஆகிவிடலாம், ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்.

நர்சிங் ஹோம் விஷயத்துக்கு வருகிறேன். கேஸ் ஷீட் நகலைக் கேட்டு எழுதிக் கொடுத்தோம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது, இவர்கள் இன்னும் கொடுக்கவில்லை. மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுத்திருக்கிறோம். தனியார் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது, இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் தயார் செய்கிறோம். விசாரணை முடியும் வரை பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். இதே போலக் கேஸ்ட்ரிக் என்று சொல்லி அனுப்பப்பட்டு, பிறகு பாம்புக்கடி என்று தெரியவந்தவர்கள் யாராவது இருந்தால், பில்லையும் சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்களிடம் இருப்பதும் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டும், இரண்டு பில்லும், வயிற்றுவலி என்று எழுதிய துண்டுச் சீட்டும்தான், புகார் முழுக்க அதை வைத்துத்தான் நிற்கிறது.