சிரிஞ்சில் உறிஞ்சுவதா, ஸ்கேனில் பார்ப்பதா? ஐ.சி.யூ. நோயாளியின் இரைப்பை

ஃபீட், அதாவது குழாய் வழியாகக் கொடுக்கும் திரவ உணவு, செரிக்கிறதா என்று பார்க்க, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாய்) சிரிஞ்ச் மாட்டி உறிஞ்சுவதுதான் எங்கள் ஐ.சி.யூ.வில் வெகுகாலமாக வழக்கம். 200 மில்லிக்கு மேல் வந்தால், அது மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும் என்ற பயத்தில் ஃபீடை நிறுத்திவிடுவோம். இப்போது அதை விட்டுவிட்டோம். வாந்தியோ வயிற்று உப்பலோ இருப்பவர்களுக்கு மட்டும் அல்ட்ராசவுண்ட் பார்க்கிறோம். இந்த மாற்றம் முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சிரிஞ்சுக்குச் செலவில்லை, எந்த நேரத்திலும் செய்யலாம். சரி. ஆனால் அதில் வரும் அளவை நம்ப முடிவதில்லை. குழாய் மெலிதாக இருந்தால் இழுக்கும்போது ஒட்டிக்கொள்ளும். முனை நீர்மட்டத்துக்கு மேலே நின்றால் நிறைந்த இரைப்பையிலிருந்தும் கொஞ்சம்தான் வரும். வருவதிலும் எச்சிலும் இரைப்பை நீரும் கலந்திருக்கும்.

இதை வைத்து ஃபீடை நிறுத்துவதுதான் என்னை உறுத்தியது. மணிக்கு 60 மில்லி, மில்லிக்கு 1 கலோரி என்று வையுங்கள். நாலு மணி நேரம் நிறுத்தினால் 240 கலோரி போச்சு. ஒரே நாளில் இரண்டு முறை நிறுத்தினால் 480. அன்றைய 1,440 கலோரியில் மூன்றில் ஒரு பங்கு. வென்டிலேட்டரில் தசை கரைந்துகொண்டிருப்பவருக்கு இது பெரிய இழப்பு. பிரான்ஸில் 449 வென்டிலேட்டர் நோயாளிகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், அளக்காமலே விட்டவர்களுக்கு நிமோனியா கூடவில்லை. வாந்தி கூடியது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2016-ன் அமெரிக்க வழிகாட்டுதலும் வழக்கமாக அளக்கத் தேவையில்லை என்றே சொல்கிறது.

ஸ்கேனில் வளைந்த ப்ரோபை (உடல்மேல் வைக்கும் கருவி) மேல்வயிற்றில் நெடுக்காக வைத்தால், கல்லீரலின் இடது மடலுக்குக் கீழே இரைப்பையின் கடைப்பகுதி தெரியும். வெறும் வயிறென்றால் தட்டையாக இருக்கும், நிறைந்திருந்தால் உருண்டு விரிந்திருக்கும். இரண்டு விட்டங்களைப் பெருக்கி, π-ஆல் (3.14) பெருக்கி, 4-ஆல் வகுத்தால் பரப்பு கிடைக்கும். அதை மில்லியாக மாற்றும் சூத்திரத்துக்கு நோயாளியை வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். எங்கள் நோயாளிகளில் பலரைத் திருப்ப முடியாது. அதனால் அதே ஆளின் காலைப் பரப்பையும் மாலைப் பரப்பையும் ஒப்பிடுகிறேன். விரிந்துகொண்டே போனால் ஃபீடின் வேகத்தைக் குறைத்து, இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கும் மெட்டோகுளோப்ரமைடு மருந்தைத் தொடங்குகிறோம்.

வாயு நிறைந்த வயிற்றிலும், ஆபரேஷன் கட்டுக்கு அடியிலும் படம் சரியாகத் தெரியாது. வயிற்று ஆபரேஷன் ஆனவர்களில் நான் பார்த்தது சிலரைத்தான். அவர்களுக்கு இதே முறை போதும் என்று சொல்லமாட்டேன். ராத்திரி டியூட்டியில் ஸ்கேன் பார்க்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் இன்றும் சிரிஞ்ச்தான். வரம்பை மட்டும் 500 மில்லி ஆக்கியிருக்கிறோம்.