எக்ஸ்-பிளேன் 12: எண்ணூருக்கு மேலே இன்ஜின் நின்றால்

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் எக்ஸ்-பிளேன் 12 மென்பொருளை வாங்கி நாலு மாதம் ஆகிறது. தண்டையார்பேட்டை வீட்டில் ஒரு பழைய கணினி, ஒரு ஜாய்ஸ்டிக், அவ்வளவுதான். பெரிய ஜெட் எதையும் நான் தொடுவதில்லை. கூடவே வரும் வேன்ஸ் ஆர்வி-10 எனக்குப் போதும். நாலு பேர் உட்காரும் விமானம், 260 குதிரைசக்தி லைக்கோமிங் இன்ஜின், பாகங்களாக வாங்கி வீட்டுக் கொட்டகையிலேயே ரிவெட் அடித்துக் கட்டிப் பறக்கிறார்கள்.

இந்த மென்பொருளில் நான் அதிகம் புழங்குவது பழுது மெனுவில்தான். இன்ஜின் எந்த நேரத்தில், எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று குறித்து வைக்கலாம், இல்லை ஒரு பொத்தானில் ஏற்றிவிடலாம். நான் பொத்தானைத் தங்கச்சி மகனிடம் கொடுத்துவிட்டேன். மீனம்பாக்கத்தில் ஏறிக் கடலோரமாக வடக்கே வந்து, காசிமேடு தாண்டி எண்ணூர் முகத்துவாரம் கண்ணில் படும்போது, 1500 அடியில் அழுத்தினான். புரொப்பல்லர் காற்றில் சுற்றிக்கொண்டே இருந்ததால் இன்ஜின் போனதே சட்டென்று உறைக்கவில்லை. தரைக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. நான் ஸ்டார்ட்டரைத் தேடினேன், அதற்குள் வேகம் செத்து ஒரு இறக்கை சாய்ந்து நேரே தண்ணீரில்.

மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடி, இறங்க இடம் பார், அப்புறம்தான் எரிபொருள் டேங்க், பம்ப், மேக்னெட்டோ (இன்ஜினுக்குத் தீப்பொறி தருவது) எல்லாம் சரிபார். படித்தது எல்லாம் மனதில் இருந்தது, ஆனால் பத்துப் பன்னிரண்டு தடவை விழுந்த பிறகுதான் கைக்கு வந்தது. இதற்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

சித்தப்பா காசிமேட்டில் ஃபைபர் போட் ஓட்டுகிறவர். ஒருநாள் பின்னால் நின்று பார்த்தவர், “டேங்க மாத்திப் பாத்தியாடா?” என்றார். சரியான கேள்வி, ஆர்வி-10-இல் இடது, வலது என்று தனித்தனி டேங்க், நாம்தான் மாற்ற வேண்டும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று இறந்ததுகூட வீட்டில் கட்டிய லாங்-ஈஇசட் விமானத்தில்தான். டேங்க் மாற்றும் வால்வு அவருடைய இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதை எட்டித் திருப்பப் போனபோது வலது ரட்டர் பெடலை, அதாவது விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் கால் மிதியை, தெரியாமல் மிதித்துவிட்டார் என்பது விசாரணையின் முடிவு. எனக்கு இங்கே வால்வு ஒரு மவுஸ் கிளிக். உடம்பைத் திருப்ப வேண்டாம், கால் வழுக்காது. அந்த ஆபத்தை மேசையில் உட்கார்ந்து கற்க முடியவில்லை.

இறங்கும் இடமும் அப்படித்தான். நான் தனியாகச் சேர்த்த செயற்கைக்கோள் படத்தில் அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்கள் மேசைபோல் சமமாகத் தெரிகின்றன, அதில் அழகாக இறங்கிவிட்டு மகிழ்ந்துபோனேன். சித்தப்பா திரையில் விரல் வைத்து, “இங்க வரப்பு இருக்கு, இங்க வாய்க்கா, இந்தப் பக்கம் பூரா கரண்டு கம்பி” என்று வரிசையாகக் காட்டினார். உண்மையில் முன் சக்கரம் முதல் வரப்பிலேயே மாட்டியிருக்கும். இப்போது இறங்குவதற்கு முன் அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாங்குகிறவர்கள் ஜாய்ஸ்டிக்கோடு நிறுத்த வேண்டாம், ரட்டர் பெடலும் சேர்த்து வாங்குங்கள். ஜாய்ஸ்டிக்கைக் கையால் திருகி ரட்டர் பிடித்துப் பழகிவிட்டு இப்போது காலுக்கு மாற்றப் படாதபாடு படுகிறேன்.