பார்த்தீனிய வண்டு தேடுபவர்களுக்கு இந்தக் கிளிப் லென்ஸ்

செல்போன் கேமராவில் கவ்வி மாட்டுகிற மேக்ரோ லென்ஸ் இது, மலிவு ரகம். பெட்டியின் மேல் 15 மடங்கு என்று அச்சடித்திருக்கிறார்கள். அவ்வளவெல்லாம் இல்லை. ஆனாலும் நான் எதற்காக வாங்கினேனோ அதற்கு உதவுகிறது.

ஓசூர்ப் பக்கம் ஏரிக்கரை, தரிசு, விற்காத மனை என்று எங்கே பார்த்தாலும் பார்த்தீனியக் களைதான். அதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து 1983இல் சைகோகிராமா என்ற வண்டு கொண்டுவரப்பட்டு, மறு ஆண்டு பெங்களூரில் திறந்துவிடப்பட்டது. அது எங்கெல்லாம் நிலைத்திருக்கிறது என்று பார்த்து, படமெடுத்து, உயிரினங்களைக் கண்ட இடத்தோடு பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுவது என் மழைக்கால வேலை.

வளர்ந்த வண்டைப் பிடிக்க லென்ஸே வேண்டாம். வெளிறிய முதுகில் கரும்பழுப்பு வரிகளோடு இலைமேல் உட்கார்ந்திருக்கும். வெறும் கேமராவே போதும். ஆனால் ஒற்றை வண்டை வைத்து என்ன முடிவுக்கு வருவது? பக்கத்து ஊரிலிருந்து பறந்து வந்ததாகக்கூட இருக்கலாம். முட்டையும் புழுவும் கிடைத்தால்தான் அது அங்கே குடித்தனம் நடத்துகிறது என்று எழுத முடியும். லென்ஸ் காசைத் திருப்பித் தருவது இந்த இடத்தில்தான்.

இலையைத் திருப்பினால் அடிப்புறத்தில் மஞ்சள் முட்டைகள் தனித்தனியாகவோ சிறு கூட்டமாகவோ ஒட்டியிருக்கும். அதே செடியில் அசுவினிப் பூச்சி இருந்தால் அதைத் தின்னும் பொறிவண்டும் வந்து முட்டையிட்டிருக்கும். அதுவும் மஞ்சள்தான்; ஆனால் நெருக்கமாக, நெட்டுக்குத்தாக நிற்கும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் மஞ்சள் புள்ளி. லென்ஸ் வழியே வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. குருத்துக்குள் தலையைப் புதைத்துத் தின்னும் இளம் புழுவையும் நன்றாகக் காட்டுகிறது.

குறைகள் உண்டு. படத்தின் ஓரங்கள் மங்கல். இலைக்கு இரண்டு விரற்கடை அருகில் போனால்தான் குவியம் கிடைக்கிறது. அதற்குள் போனின் நிழலே இலையை மூடிவிடுகிறது. போன் உறையோடு மாட்டினால் கிளிப் நழுவுகிறது. பார்த்தீனியம் தோலில் பட்டால் அரிப்பு எடுக்கும் என்பதால் கையுறை போட்டாக வேண்டும். கையுறை விரலுக்குத் தொடுதிரை அசைவதில்லை. ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்திப் படமெடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். மற்றொரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டால் காற்று தொல்லை செய்யாது.

சூரியகாந்தி விவசாயிகள் இந்த வண்டைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். சூரியகாந்தியையும் தின்கிறது என்று தொண்ணூறுகளில் எழுந்த சர்ச்சை அப்படி. அவர்களுக்கும் முட்டை எந்தச் செடியில் இருக்கிறது என்று போனிலேயே காட்டலாம். என் வாய்ப்பேச்சைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மழை தொடங்குமுன் வாங்கினால் பயனில்லை. வறண்ட மாதங்களில் வண்டு மண்ணுக்குள் உறங்கும், லென்ஸ் மேசை இழுப்பறையில் உறங்கும். கிளிப்புக்குப் பதில் திருகி மாட்டும் ரகம் கிடைத்தால் நூறு ரூபாய் கூடப் போனாலும் அதையே எடுங்கள்.