பழைய லேப்டாப், புது ரவுட்டர்: வைஃபை ஏறாதபோது பார்க்க வேண்டியவை

வீட்டில் போன்கள் எல்லாம் வைஃபையில் ஏறுகின்றன, பழைய லேப்டாப் மட்டும் ஏறவில்லை என்றால் உடனே விண்டோஸை ஃபார்மட் செய்ய உட்கார வேண்டாம். ரவுட்டர் மாறிய பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால், கோளாறு பெரும்பாலும் ரவுட்டர் செட்டிங்கில்தான் இருக்கும்.

வீட்டு வைஃபையின் பெயர் லிஸ்ட்டில் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரியாவிட்டால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பெயரைப் படியுங்கள். 802.11பி/ஜி/என் என்று மட்டும் இருந்தால் அநேகமாக அது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும் கார்டு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அதன் கண்ணுக்கே படாது. ரவுட்டரில் 2.4-ஐ ஆன் செய்து, அதற்குத் தனிப் பெயர் வையுங்கள். சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். ஆட்டோவில் 12 அல்லது 13-க்குப் போய்விட்டால் சில பழைய கார்டுகளுக்கு எட்டாது. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

அப்படியும் தெரியவில்லையா? ரவுட்டரில் வைஃபை 6, அதாவது 802.11ஏஎக்ஸ், ஆனில் இருக்கலாம். இன்டெல்லின் பழைய டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்) சிலவற்றுக்கு அந்த சிக்னல் புரிவதில்லை. போனின் நெட்டை கேபிள் வழியே லேப்டாப்புக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து டிரைவரைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் 2.4-இல் மட்டும் ஏஎக்ஸை அணையுங்கள்.

பெயர் தெரிந்து, சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் உள்ளே விடவில்லை என்றால் வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-யைச் சந்தேகியுங்கள். அது 2018-இல் வந்தது; அதற்கு முந்தைய கார்டுகள் பல அதை அறியாது. ரவுட்டரின் பாதுகாப்பு செட்டிங்கை அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். இரண்டும் கலந்த மோடிலும் சில டிரைவர்கள் தடுக்கி விழும். டிகேஐபி என்ற பழைய, பலவீனமான முறைக்கு மட்டும் இறங்காதீர்கள்: பாதுகாப்பும் போகும், வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். ஒரு பழைய லேப்டாப்புக்காக வீட்டு வைஃபை முழுவதையும் தளர்த்த மனம் வராதவர்கள், விருந்தாளிகளுக்கான தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க்கை மட்டும் டபிள்யூபிஏ2-இல் வைக்கலாம். எங்கள் பார்வையில் இதுவே நல்ல வழி. ஆனால் அதில் ஏறிய லேப்டாப்புக்கு வீட்டு பிரின்டர் பெரும்பாலும் தெரியாது.

ஏறிவிட்டது, நெட் வரவில்லை; ஐபி 169.254 என்று தொடங்குகிறது. ரவுட்டரிடமிருந்து முகவரி வந்து சேரவில்லை என்று அர்த்தம். நெட்வொர்க்கை ஃபர்கெட் கொடுத்து மீண்டும் சேருங்கள். ஐபி சரியாக இருந்தும் எந்தத் தளத்திலும் சான்றிதழ் பிழையே வந்தால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பல லேப்டாப்களில் அது சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி, சிலவற்றில் ஒயருடன் வரும்.

இணைப்பு அடிக்கடி அறுந்தால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட்டில், மின்சாரம் மிச்சப்படுத்த கார்டை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். ரவுட்டர் பக்கத்தில் மட்டும் வேலை செய்தால், திரைக் கீலின் வழியே போகும் ஆன்டெனா ஒயர் கார்டிலிருந்து கழன்றிருக்கலாம், அல்லது அறுந்திருக்கலாம்.

கார்டையே மாற்ற நினைப்பவர்களுக்கு: சில பழைய லேப்டாப்களில், பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் விண்டோஸைத் தொடங்கவே விடாது. யூஎஸ்பி அடாப்டரில் அந்த வம்பு இல்லை. நகம் அளவு அடாப்டர் சீக்கிரம் சூடாகும், தூரமும் எட்டாது. வெளியே ஆன்டெனா நீட்டியிருப்பதுதான் நீண்ட நாள் உழைக்கும். 2.4-இல் ஓட்டுவதானால் அதை யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். யூஎஸ்பி 3.0 எழுப்பும் மின் இரைச்சல் அதே அலைவரிசையில்தான் விழுகிறது. ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுத் தள்ளி வைத்தால் சிக்னல் தேறும்.