சொந்த பேஸா, கோர்ஸ் திருத்தமா? காந்த நடுக்கோட்டுப் பக்கம் அளப்பவர்களுக்கு

செயற்கைக்கோளை வைத்து நிலம் அளக்க, கையில் தூக்கிப்போகும் ரிசீவரான ரோவர் ஒன்றை மட்டும் வாங்கி, சர்வே ஆஃப் இந்தியாவின் நிரந்தர நிலையங்களான கோர்ஸ் வலையிலிருந்து பிழைத் திருத்தத்தை சிம் வழியாக எடுத்துக்கொள்வதா, அந்தத் திருத்தத்தைத் தர நாமே ஓரிடத்தில் நிறுத்தும் பேஸும் ரோவருமாக ஜோடியாக வாங்குவதா? நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் ஆர்டிகே (திருத்தத்தை உடனுக்குடன் வாங்கி சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கும் முறை) வேலைக்கு இறங்குகிற எல்லோருக்கும் வருகிற கேள்விதான். நான் ஜோடியாக வாங்கினேன். அதனால் இந்த அலசல் பேஸ் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கோர்ஸில் முதலீடு குறைவு. முக்காலியில் நிற்கும் பேஸுக்குக் காவலாக ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டாம், கூடுதல் பேட்டரி தூக்க வேண்டாம். ஆனால் போனில் டேட்டா வராத இடத்தில் அது உதவாது. பேஸுக்கு சிம் தேவையில்லை, ரேடியோ போதும். பனங்காடும் கட்டடமும் குறுக்கே வந்தால் அந்த ரேடியோ சீக்கிரமே திணறும். இதெல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதது மேலே முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் நடப்பது.

பேஸும் ரோவரும் ஒரே வானத்தைப் பார்க்கின்றன என்ற நம்பிக்கையில்தான் ஆர்டிகே நிற்கிறது. அந்த உயரத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கான அயனி மண்டலத்தின் எலக்ட்ரான்கள் செயற்கைக்கோள் சிக்னலைத் தாமதப்படுத்துகின்றன. சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், எலக்ட்ரான் அடர்த்தி மிகுந்த பகுதிகளில், ஜிபிஎஸ்ஸின் முதன்மை அலைவரிசையான எல்1-இல் அந்தப் பிழை 16 மீட்டரையும் தாண்டும். இரண்டு கருவிக்கும் ஒரே தாமதம் என்றால் கழித்தலில் போய்விடும். தூரம் கூடக் கூடத்தான் வித்தியாசம் தங்கும். அமைதியான வானத்தில் கிலோமீட்டருக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்: 3 கிலோமீட்டரில் 1.2 சென்டிமீட்டர், 25 கிலோமீட்டரில் 10 சென்டிமீட்டர். எல்1 அலைநீளமே 19 சென்டிமீட்டர்தான். பாதி அலைநீளத்துக்குப் பிழை போனால் ஃபிக்ஸ் (சென்டிமீட்டர் அளவில் உறுதியான இடம்) கிடைக்காது. கிடைத்தாலும் தப்பான ஃபிக்ஸாக இருக்கலாம், அது இன்னும் மோசம்.

கோர்ஸ் வலை சுற்றியுள்ள பல நிலையங்களை வைத்து, நடுவில் இருக்கும் நமக்கு என்ன தாமதம் என்று கணித்துக் கொடுக்கிறது. பகலில் இது நன்றாகவே நடக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் பொழுது சாய்ந்த பிறகு. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு வேகமாகக் கரைகிறது, மேலடுக்கு உயர எழும்புகிறது. அடர்ந்தது மேலே, நொய்ந்தது கீழே என்று ஆன பிறகு அந்த நிலை நீடிக்காது. கீழிருந்து எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் கிளம்பி, காந்தப் புலத்தை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு, கிழக்கு நோக்கி நகர்கின்றன. இது பூமியின் காந்தப் புலம் கிடையாக ஓடும் கோடான காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானத்தின் சுபாவம். 1963-இல் முதல் ராக்கெட் கிளம்பிய, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைத் தளமாகத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கோடு பக்கத்தில் போவதால்தான். திருநெல்வேலியும் அதே கோட்டோரம்தான் இருக்கிறது.

குமிழியின் விளிம்பு செங்குத்துச் சரிவு மாதிரி இருக்கும். பிரேசிலில் கிலோமீட்டருக்குச் சில நூறு மில்லிமீட்டர் வரை இந்தச் சரிவு பதிவாகியிருக்கிறது. கோர்ஸ் நிலையங்களுக்கு நடுவே ஐம்பது அறுபது கிலோமீட்டர் இடைவெளி இருந்தால், அந்த விளிம்பு எங்கே இருக்கிறது என்று வலைக்குத் தெரியவே வழியில்லை. அது சீராகக் கணித்துக் கொடுக்கும், வானம் சீராக இருக்காது. ஒன்றிரண்டு கிலோமீட்டரில் நிற்கும் சொந்த பேஸ் இங்கேதான் ஜெயிக்கிறது: பெரும்பாலும் இரண்டு கருவியும் விளிம்பின் ஒரே பக்கத்தில் இருக்கும்.

பேஸ் இருந்தால் எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். குமிழிக்குள் இருக்கும் சிறு சிறு ஒழுங்கின்மைகள் சிக்னலை நட்சத்திரம் போல மினுக்க வைக்கும். அப்போது தாமதம் பிரச்சினையே இல்லை. ரிசீவரின் பிடியே நழுவிவிடும், ஸ்கிரீனில் ஃபிக்ஸ் போய் ஃப்ளோட் (உறுதியாகாத, தோராயமான இடம்) வரும். 'மூணு அலைவரிசை ரிசீவர் எடுங்க சார், அயனி மண்டலமெல்லாம் தானா கழிஞ்சிடும்' என்பார்கள். தாமதம் கழியும், மினுக்கல் கழியாது. சொல்லப்போனால் அலைவரிசை இறங்க இறங்க மினுக்கல் கூடும். எல்1-ஐ விட, அதற்குக் கீழே இருக்கும் எல்2, எல்5 இரண்டுமே அதிகம் அடிபடும். அந்த நேரத்தில் கைகொடுப்பது செயற்கைக்கோள் எண்ணிக்கைதான். ஜிபிஎஸ்ஸோடு ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாம் சேர்ந்தால் வானத்தில் குமிழி இல்லாத பக்கத்தில் சிலவாவது மிஞ்சும். அதுவும் போதாவிட்டால் கோணத்தையும் தூரத்தையும் தரையிலிருந்தே ஒளியால் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனை எடுக்க வேண்டியதுதான். அதற்கு அயனி மண்டலத்தைப் பற்றிய கவலையே கிடையாது.

விண்வெளி வானிலை ஆப் பார்த்து வேலைக்குக் கிளம்புவதில் இங்கே பெரிய பலன் இல்லை. 2024 மே 10, 11 காந்தப் புயலில் அமெரிக்க விவசாயிகளின் டிராக்டர் வழிகாட்டிகள் விதைப்புக் காலத்தில் தடுமாறின. அங்கே புயல் வந்தால்தான் வம்பு. இங்கே புயலே இல்லாத அமைதியான நாளிலும் குமிழி கிளம்பும். பார்க்க வேண்டியது கடிகாரமும் மாதமும்தான். இரவு ஏழரைக்கு மேல் நள்ளிரவு வரை, அதிலும் மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில். பங்குனி வெயிலுக்குப் பயந்து வேலையை மாலைக்குத் தள்ளுகிறோம், அதே பங்குனியில்தான் மாலை வானமும் கெடுகிறது! நெடுஞ்சாலை வேலை என்றால் போக்குவரத்து அடங்கிய பிறகு இரவில்தான் விடுவார்கள். அந்த மாதிரி வேலை கையில் இருப்பவர்கள் பேஸ் இல்லாமல் போகாதீர்கள். காலை ஆறுக்குத் தொடங்கி சாயங்காலம் ஐந்துக்கு முடிக்கும் மனை லேஅவுட் வேலை மட்டும் என்றால் கோர்ஸே தாராளம், ஜோடிக்குப் பணம் போட வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கோர்ஸ் கை ஓங்கித்தான் இருக்கிறது: ஆயத்தொலைவுகள் நாட்டின் பொதுச் சட்டகத்திலேயே வந்துவிடும். தெரிந்த புள்ளி இல்லாமல் பேஸைச் சும்மா ஆன் செய்தால் மொத்த வேலையும் சில மீட்டர் நகர்ந்து உட்காரும். அதனால் நான் காலையில் கோர்ஸை வைத்து பேஸ் புள்ளியை நிலைநிறுத்திவிட்டு, மீதியை பேஸிலிருந்து ஓட்டுகிறேன்.

பேஸும் வேண்டாம், வலையும் வேண்டாம், செயற்கைக்கோள்களின் பாதைக்கும் கடிகாரத்துக்கும் திருத்தம் வாங்கி ஒற்றை ரிசீவரே போதும் என்கிற பிபிபி முறையில் எனக்குப் பழக்கம் குறைவு. கலிலியோ 2023 ஜனவரியிலிருந்து இந்தத் திருத்தத்தை இலவசமாகவே அனுப்புகிறது. துல்லியம் டெசிமீட்டர் கணக்கில்தான், நிலைபெறவும் நேரம் பிடிக்கும். நடுவில் ஒட்டுமொத்தமாகப் பிடி நழுவினால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். எல்லைக்கல் நட அதை நம்பமாட்டேன். பெரிய பரப்பில் பகலில் மேலோட்டமாக அளக்க ஒத்துவரலாம்.